வித்தை ரகசியங்கள் நீங்கலாக

1

இந்தக் கதை ஒரு சிரிப்பிலிருந்து பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு குடியிருப்பின் மன்ற வாசலில் யாருக்காகவோ காத்திருந்தேன். சுவரில் விதிகளை ஒட்டியிருந்தார்கள். வேறு வேலை இல்லாதவர்கள் அறிவிப்புப் பலகையைத்தானே படிப்பார்கள். மூன்றாவது விதி இப்படி இருந்தது: ‘எந்தப் பெரியவரும் எந்தக் குழந்தையிடமும், எதையும் ரகசியமாக வைத்துக்கொள்ளும்படி சொல்லக் கூடாது.’ அச்சிட்ட அந்த வரியை ஒட்டி, பேனாவால், அழகான கையெழுத்தில்: ‘வித்தை ரகசியங்கள் நீங்கலாக.’

வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்தில் நின்றிருந்த பெண் சிரிக்கவில்லை. அவர் ஏன் சிரிக்கவில்லை என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசித்தேன். மிச்சத்தை நானே இட்டுக்கட்டினேன்.

முதல் தொடக்கம்: ‘மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில்’. மழைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? அடித்துவிட்டேன்.

இரண்டாவது: ‘அந்த மன்றத்தில் கெட்டவர் என்று சொல்ல ஒருவர்கூட’. இது பாதியில் நின்றுவிட்டது. ஆனால் அடிக்கவில்லை, அப்படியே கிடக்கட்டும்.

மூன்றாவது: ‘பஸ் அக்காவுக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கிய அன்று, அவள் இல்லாத கூட்டத்தில், அவளைப் பொறுப்பாளர் ஆக்கிவிட்டார்கள்.’ இந்த வாக்கியத்துக்குக் கால் இருக்கிறது. இதன் பின்னால் போகலாம்.

2

பஸ் அக்கா பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எது தாமதம், யார் தொலைத்த பை யாரிடம் இருக்கிறது என்று ஊருக்கே சொல்கிறவள். அந்தக் குரல் கேட்டால் ஓடுகிறவர்கள் நிற்பார்கள், நிற்கிறவர்கள் ஓடுவார்கள். வீட்டுக்கு வந்தால் வாயே திறக்க மாட்டாள். எக்ஸ்ரே எடுக்கிற வேலையில் இருக்கும் அவள் வீட்டுக்காரர், “உன் குரலைக் கேக்கணும்னா நான் டிக்கெட் எடுக்கணும்போல” என்பார்.

பிள்ளைகள் வந்து போகிற எல்லா மன்றங்களிலும் குழந்தைகள் பாதுகாப்புக்கு ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்திருந்தது. கூட்டத்தில் ஆளாளுக்குக் கூரையைப் பார்த்தார்கள். தலைவர் ஓய்வுபெற்ற நில அளவையாளர். எதையும் கண்ணாலேயே அளந்துவிடுவார். காலி நாற்காலி ஒன்றை அளந்து பார்த்து, வராதவர்கள் மறுப்புச் சொல்லவில்லை என்பதால் சம்மதித்ததாகத்தான் பொருள் என்று தீர்ப்புச் சொன்னார். தவிர, அவளுக்குக் குரல் நன்றாக இருக்கிறது. விதிகளை வாசித்தால் எடுப்பாக இருக்கும்.

செயலாளர் மருந்துக்கடை வைத்திருப்பவர். மறுநாள் வீங்கிய கன்னத்தோடு மாத்திரை வாங்க வந்த பஸ் அக்காவிடம், மாத்திரையோடு சேர்த்துப் பதவியையும் கொடுத்தார். வாயில் பஞ்சு இருந்ததால் அவளால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. ‘ம்ம்ம்’ என்றாள். அது சம்மதமாகப் பதிவானது.

[ஓர் இடைக்குறிப்பு: பஞ்சு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் பஞ்சு இல்லாவிட்டாலும் அவள் மாட்டேன் என்று சொல்லியிருப்பாளா என்பது சந்தேகம். வேலையில் பேசிப் பேசி, மற்ற நேரத்தில் யாரோடும் முட்டிக்கொள்ளத் தெம்பில்லாதவள்.]

பதவி சிரிப்பாக வந்ததே தவிர, பயிற்சிக்குப் போன இடத்தில் அவள் சிரிக்கவில்லை. பிள்ளை ஏதாவது சொன்னால் காது கொடுத்துக் கேள், துருவாதே, ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்காதே, அன்றைக்கே குழந்தைகள் உதவி எண்ணுக்கோ காவல் நிலையத்துக்கோ சொல். இதையெல்லாம் பாடம் பண்ணிக்கொண்டு, மாதிரி விதிகளையும் வாங்கிக்கொண்டு வந்தாள்.

3

மன்றம் என்பது தரைத்தளத்தில் ஒரு நீளமான கூடம். அடுக்கி வைக்கிற பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒரு டேபிள் டென்னிஸ் மேசை. அதன் ஒரு பாதியில் எப்போதும் யாருடைய துணிப்பையாவது இருக்கும். கூடத்தின் கோடியில் சாமான் அறை. அங்கேதான் வித்தை மாமாவின் பெட்டி.

வித்தை மாமாவுக்குத் தொழில் இன்சூரன்ஸ். குடியிருப்பில் பாதிப் பேருக்கு அவர்தான் பாலிசி போட்டுக் கொடுத்தவர். எல்லோருடைய பிறந்தநாளும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். வாரக் கடைசியில் பிள்ளைகளுக்கு இலவசமாக வித்தை சொல்லிக்கொடுப்பார். வெறுங்கையில் பூ வரும், காதுக்குப் பின்னாலிருந்து காசு வரும். நன்றாகச் செய்கிற பிள்ளைக்குச் சாமான் அறையில் தனியாகச் ‘சிறப்புப் பயிற்சி’. அதில் இடம் கிடைக்கப் பெற்றோரே போட்டி போட்டார்கள்.

விதிகளை ஏற்கிற கூட்டத்தில் பஸ் அக்கா வாசித்தாள். முதல் இரண்டுக்கும் வண்டி அறிவிப்பைக் கேட்டதைப் போலத் தலையாட்டினார்கள். மூன்றாவதை வாசித்ததும் வித்தை மாமா மெதுவாக எழுந்தார்.

“என்னை யாரும் தப்பா நினைக்கலன்னு எனக்குத் தெரியும்” என்றார். “ஆனா இந்த விதி இருந்தா என் வகுப்பு இருக்காது. பூ எங்கிருந்து வருதுன்னு பிள்ளைங்க வெளியில சொல்லிட்டா, அப்புறம் அது வித்தை இல்லைங்க. வெறும் பூ.”

கூட்டம் உருகிப்போனது. அதன் பிறகு நடந்த விவாதத்தை முழுதாக எழுதினால் நீங்கள் புத்தகத்தை மூடிவிடுவீர்கள். ரகசியம் என்றால் என்ன என்று ஒருவர் கேட்டார். தன் மனைவிக்குத் தெரியாமல் பரிசு வாங்கி, அதைப் பிள்ளையிடம் சொல்லி வைத்திருப்பவர் குற்றவாளியா என்று இன்னொருவர். வினாத்தாள் ரகசியம் இல்லையா என்று ஓர் ஆசிரியை. கடைசியில் செயலாளர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துத் திருத்தத்தை எழுதினார்.

பயிற்சியில் இப்படி விலக்கு எதுவும் சொல்லவில்லையே என்று பஸ் அக்கா இழுத்தாள். பயிற்சி கொடுத்தவர்களுக்கு வித்தை தெரியுமா என்று தலைவர் திருப்பிக் கேட்டார். எல்லோரும் கை தூக்கினார்கள். தான் மட்டும் தூக்காவிட்டால் ஒரு மனிதரைக் கூட்டத்தில் வைத்துக் குற்றம்சாட்டியதாக ஆகிவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. அவளும் தூக்கினாள்.

அடுத்த விதி, எந்தப் பிள்ளையோடும் தனியாக ஒரு பெரியவர் இருக்கக் கூடாது, இருவராவது இருக்க வேண்டும் என்பது. தலைவர் எழுந்துபோய்ச் சாமான் அறையைக் கண்ணால் அளந்தார். ஒரு பெரியவர், ஒரு பிள்ளை, ஒரு பெட்டி; அதற்கு மேல் இடமில்லை. எனவே மன்றத்தின் நிறுவனர் படத்தை அந்த அறையில் மாட்டுவது என்றும், இரண்டாவது பெரியவராக அவரைக் கருதுவது என்றும் தீர்மானம் ஆயிற்று. நிறுவனரை விடப் பெரியவர் யார் இருக்கிறார்கள்?

[படத்தை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். எழுதியதைப் படித்துப் பார்க்கும் நண்பரும், ‘இது ரொம்ப ஓவர், யாரும் நம்ப மாட்டாங்க’ என்றார். திருத்தத்தை மட்டும் எப்படி நம்பினீர்கள் என்று கேட்டேன். அது நடக்கக்கூடியதுதானே என்றார்.]

4

இந்த இடத்தில் வித்தை மாமாவைக் கொஞ்சம் நன்றாக எழுத வேண்டும். ஒரு வாரமாக முட்டி மோதிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் அவருக்கு ஒரு வழுக்கலான சிரிப்பைக் கொடுத்தேன். பிறகு கறை படிந்த பற்கள். பிறகு கதவைச் சாத்தும்போது இரண்டு பக்கமும் பார்க்கிற பழக்கம். எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். இதெல்லாம் உங்களுக்கு நான் செய்கிற கண்கட்டு. ‘ஓ, இப்படி இருப்பான்’ என்று அடையாளம் தெரிந்துகொண்டு நிம்மதியாகப் படிப்பீர்கள். அப்படி எந்த அடையாளமும் அவரிடம் இல்லை. பஸ் அக்காவின் மாமியார் மருத்துவமனையில் கிடந்தபோது, இன்சூரன்ஸ் பணத்துக்காக அலையாய் அலைந்து வாங்கிக்கொடுத்தவர் அவர்தான்.

அடுத்து அவருக்கு ஒரு துயரமான இளம்பருவத்தை எழுதிப் பார்த்தேன். ‘அவருக்கு எட்டு வயதாக இருந்தபோது அவருடைய’. இல்லை. அதை எழுத உட்கார்ந்தால் கதை முழுக்க அவரே வந்து உட்கார்ந்துகொள்வார். ஏற்கெனவே பாதிக் கூட்டத்தை அவர்தான் பேசி முடித்தார். இனி அவருக்கு இந்தக் கதையில் ஒரே ஒரு வசனம்தான் மிச்சம்.

5

குடியிருப்பின் மூன்றாவது மாடியில் கண்ணாடிக்கடை அம்மா இருந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிற வேலை. ஒரே மகள், ஒன்பது வயது. எல்லோரும் சின்னவள் என்று கூப்பிடுவார்கள். அம்மா வேலை முடிந்து வரும்வரை சின்னவள் பள்ளிவிட்டுப் பஸ் அக்காவின் வீட்டில் இருப்பாள். கரண்டியை மைக் மாதிரி பிடித்துக்கொண்டு, ‘பயணிகளின் கனிவான கவனத்திற்கு’ என்று அச்சு அசலாகப் பேசிக் காட்டுவாள். பஸ் அக்காவே ஒருமுறை திரும்பிப் பார்த்திருக்கிறாள்.

சில வாரங்களாகச் சின்னவள் கரண்டியைத் தொடவில்லை. வித்தை வகுப்புக்குப் போகச் சொன்னால் வயிற்றுவலி என்றாள். சிறப்புப் பயிற்சிக்குத் தேர்வான பிள்ளை இப்படிச் சோம்பல் படுகிறதே என்று அம்மாவுக்கு வருத்தம். பஸ் அக்கா வாயைக் கிளறவில்லை. துருவாதே என்றுதான் பாடம். ஆனால் அன்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது சின்னவள் தானாக வந்து பக்கத்தில் நின்றாள்.

“அக்கா, ஒரு ரகசியம் வித்தை ரகசியமா, மத்த ரகசியமான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

பஸ் அக்கா கத்தியைக் கீழே வைத்தாள். கையைக் கழுவிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள், முகம் முகத்துக்கு நேராக வருகிற மாதிரி.

“எனக்குத் தெரியலம்மா” என்றாள். “நீ சொன்னா ரெண்டு பேருமா சேர்ந்து பார்க்கலாம்.”

“சொன்னா என் கையில வித்தையே வராதாம். வித்தை ரகசியத்தைச் சொல்லக்கூடாதுன்னு நீங்களும் கை தூக்கினீங்கன்னு மாமா சொன்னாரு.”

உண்மைதானே.

“தூக்கினேன்” என்றாள். “அது தப்பு. நான் தூக்கியிருக்கக் கூடாது.”

சின்னவள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியவர்கள் தப்பு என்று சொல்லிப் பிள்ளைகள் அதிகம் கேட்டிருக்க மாட்டார்கள். “நான் சொன்னா யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்கல்ல?”

எப்பேர்ப்பட்ட ஆளுக்கும் ‘மாட்டேன்டா கண்ணு’ என்று சொல்லத் தோன்றுகிற இடம் இது. அவள் சொல்லவில்லை.

“சொல்லுவேன். அம்மாகிட்ட சொல்லுவேன். யார்கிட்ட சொன்னா இது நிக்குமோ அவங்ககிட்டயும் சொல்லுவேன். வேற யாருக்கும் இல்ல. உன்மேல யாருக்கும் கோபம் வராது.”

சின்னவள் கொஞ்ச நேரம் சமையலறைத் தரையில் விரலால் கோடு போட்டாள். பிறகு சொன்னாள்.

[இங்கே சில வரிகள் இருந்தன. எடுத்துவிட்டேன். ‘அந்த அறையில என்னதான் நடந்துச்சுன்னு சொல்லாம விட்டா எப்படி?’ என்று நண்பர் கேட்டார். அது அந்தப் பிள்ளை பஸ் அக்காவிடம் சொன்னது. உங்களிடமும் என்னிடமும் சொல்லவில்லை. நடந்தது தவறு என்பதற்கு மேல் நமக்குத் தெரிய வேண்டியது எதுவும் இல்லை. சாமான் அறைக்குள் இந்தக் கதை போகாது.]

“சொன்னது நல்லதும்மா” என்றாள் பஸ் அக்கா. “நீ எந்தத் தப்பும் பண்ணல.”

6

அம்மா வந்ததும் சொன்னாள். கண்ணாடிக்கடை அம்மா மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஒன்பது வயதுப் பிள்ளையை யாரும் இடுப்பில் வைப்பதில்லை. அவள் கால்கள் அம்மாவின் முழங்காலுக்குக் கீழே தொங்கின. அப்படியே வெகுநேரம் நின்றாள்.

அன்றைக்கே உதவி எண்ணைக் கூப்பிட்டிருக்க வேண்டும், முதல் வேலையாக. பஸ் அக்கா முதலில் மன்றத்துக்குப் போனாள். பொறுப்பாளர் செயற்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று விதியில் ஒரு வரி இருந்தது. அவள் வரி தவறாமல் நடக்கிறவள். சின்னவளைத் தன் வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு, அம்மாவையும் வெறும் துணைக்கு வந்தவளைப் போலக் கூட்டிக்கொண்டு போனாள்.

தலைவரும் செயலாளரும் இன்னும் சில உறுப்பினர்களும் அவசரமாகக் கூடினார்கள். பிள்ளையின் பெயரைச் சொல்லாமல், ஒரு பிள்ளை வித்தை மாமாவைப் பற்றிச் சொன்னதை மட்டும் சுருக்கமாகச் சொன்னாள். யாரும் கத்தவில்லை. எல்லோரும் முறைப்படி நடந்துகொண்டார்கள்.

இது திருத்தத்துக்குள் வருகிறதா என்று செயலாளர் முதலில் கேட்டார். அந்தப் பயிற்சி வித்தையின் பகுதி என்றால், கேட்க மன்றத்துக்கு அதிகாரம் இல்லை. இல்லையென்றால், அது மன்ற நடவடிக்கையே இல்லை, எனவே மன்றம் பொறுப்பல்ல. நிறுவனர் படம் அந்த நேரத்தில் மாட்டப்பட்டிருந்ததா என்று தலைவர் கேட்டார். மாட்டப்பட்டிருந்தது என்றால் விதி மீறப்படவில்லை. தனக்கு அடுத்த மாதம் பாலிசி முதிர்வதாகவும், இந்த நேரத்தில் ஏஜென்ட் மனம் நோகலாமா என்றும் ஒருவர் கவலைப்பட்டார். கடைசியில் ஒரு விசாரணை வேண்டும் என்பதில் எல்லோரும் ஒன்றுபட்டார்கள். பிள்ளைகளோடு பழகத் தெரிந்தவர், பிள்ளைகள் பயப்படாமல் பேசுகிற ஒருவர் விசாரித்தால்தான் சரியாக வரும். அப்படி ஒருவர் இந்தக் குடியிருப்பில் யார் என்று சுற்றிலும் பார்த்தார்கள்.

வித்தை மாமாவைப் போனில் கூப்பிட்டார்கள். ஒலியைக் கூட்டி மேசைமேல் வைத்தார்கள். விஷயத்தை முழுதாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, “மன்றம் சொன்னா நான் தட்ட மாட்டேன்” என்றார். “பாவம், எந்தப் பிள்ளைன்னு மட்டும் சொல்லுங்க. நானே பேசிப் பார்க்கறேன்.”

[இதைப் படித்துச் சிரித்தீர்களா? நானும் சிரித்தேன். எழுதும்போது சிரிப்பு எந்த வரியில் நின்றது என்று திரும்பிப் போய்த் தேடினேன், கிடைக்கவில்லை.]

பஸ் அக்கா கண்ணாடிக்கடை அம்மாவைப் பார்த்தாள். அம்மா மேசைமேல் இருந்த போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அது கடித்துவிடும் என்பதைப் போல. இருவரும் ஒன்றாக எழுந்து வெளியே வந்தார்கள். உட்காருங்கள், தீர்மானம் இன்னும் முடியவில்லை என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்.

நடைபாதையில் நின்று பஸ் அக்கா உதவி எண்ணை அழுத்தினாள். ஒரு பெண் எடுத்தார். ஊரையே நிறுத்தி வைக்கிற குரல் அவளுக்கு வரவில்லை. காற்றுதான் வந்தது.

“அவசரமில்ல. நான் லைன்லயே இருக்கேன்” என்றார் அந்தப் பெண். “பிள்ளை இப்ப எங்க இருக்கு? பத்திரமா இருக்கா?”

அந்தக் கேள்வியை அன்று அதுவரை யாருமே கேட்டிருக்கவில்லை. அவள் அழுதாள். போனைக் கண்ணாடிக்கடை அம்மா வாங்கிக்கொண்டாள். “இருக்கா” என்றாள். “பத்திரமா இருக்கா. நான் அவ அம்மா பேசறேன்.”

7

பிறகு நடந்ததில் வேடிக்கை குறைவு, அதனால் வேகமாகச் சொல்கிறேன்.

சீருடை இல்லாமல் இரண்டு பெண்கள் வீட்டுக்கு வந்தார்கள். சின்னவளோடு தரையில் உட்கார்ந்து, அவள் இஷ்டப்பட்ட வேகத்தில் பேசினார்கள். வித்தை மாமாவை அவருடைய அலுவலகத்தில் வைத்துக் கைது செய்தார்கள். சாமான் அறைக்குப் பூட்டுப் போட்டு முத்திரை வைத்தார்கள். உள்ளே நிறுவனரும் சேர்த்துப் பூட்டப்பட்டது குறித்து மன்றம் கண்டனக் கடிதம் அனுப்பியது. வேறு எதைக் குறித்தும் அனுப்பவில்லை.

பஸ் அக்காவோடு பலர் பேச்சை நிறுத்தினார்கள். தீர்மானம் இல்லாமல் செயல்பட்டதாக அவள்மேல் குற்றச்சாட்டு. ஒரு நல்ல மனிதரை வேண்டுமென்றே மாட்டிவிட்டாள் என்றார்கள் சிலர். செயலாளர் கடையில் அவளுக்கு மட்டும் எந்த மருந்தும் இருப்பில் இல்லாமல் போயிற்று.

ஒரு பிற்பகல் பேருந்து நிலையத்தில் கண்ணாடிக் கூண்டுக்கு வெளியே ஒருவர் வந்து நின்றார். அவசரக் கூட்டத்தில் பாலிசியைப் பற்றிக் கவலைப்பட்டவர்தான். வண்டி கேட்க வந்ததாக நினைத்து அவள் கண்ணாடித் திறப்பைத் தட்டிக் காட்டினாள். அவர் குனிந்தார், பேச வாயெடுத்தார், நிமிர்ந்துகொண்டார். மறுபடி குனிந்தார்.

“போன வருஷம் என் பையனும் திடீர்னு வகுப்புக்குப் போக மாட்டேன்னான்” என்றார். “நான்தான் அடிச்சு அனுப்பினேன்.”

பஸ் அக்கா ஒலிபெருக்கியை அணைத்தாள். அப்போது ஒரு வண்டி அறிவிப்பு இல்லாமலே கிளம்பிப் போனது. பணியில் சேர்ந்த நாளிலிருந்து அது அவளுக்கு முதல்முறை. கூண்டுக் கதவைத் திறந்து அவரை உள்ளே உட்கார வைத்து, உதவி எண்ணை எழுதிக் கொடுத்தாள்.

8

முடிவுக்கு வந்திருக்கிறோம். சில முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

(அ) மன்றம் தன் தவற்றை உணர்கிறது. தலைவர் நா தழுதழுக்க மன்னிப்புக் கேட்கிறார். எல்லோரும் எழுந்து கைதட்டுகிறார்கள். எழுதி முடித்தபோது அந்தக் கைதட்டல் யாருக்காக என்று எனக்கே விளங்கவில்லை. கிழித்துவிட்டேன்.

(ஆ) பஸ் அக்கா வீடு மாற்றிக்கொண்டு போகிறாள். புதுக் குடியிருப்பின் வாசலில் ஓர் அறிவிப்புப் பலகை. அவள் மூன்றாவது விதியைப் படிக்க. வேண்டாம், இது வெறும் சாமர்த்தியம்.

(இ) நீதிமன்றம். வழக்கு நடக்கிறது, பையனின் அப்பாவும் போய் வாக்குமூலம் கொடுத்தார். தீர்ப்பு வரவில்லை. வராத தீர்ப்பை நான் எழுதுவது முறையில்லை.

(ஈ) சின்னவள். அவளுடைய முடிவைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். சரியாகிவிட்டாளா, மறந்துவிட்டாளா என்று. இப்போது அவள் வயிற்றுவலி என்று சொல்வதில்லை. சில நாள் இரவில் அம்மாவை எழுப்புகிறாள். நீச்சல் கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறாள், சொல்லிக்கொடுப்பது அக்காவாக இருந்தால். இதற்கு மேல் அவளுக்கு முடிவு எழுத மாட்டேன். ஒன்பது வயதில் யாருக்கும் எதுவும் முடிவதில்லை.

எனவே மிச்சம் இருப்பது பொதுக்குழுக் கூட்டம். பஸ் அக்காவை மன்ற உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்குவது என்று ஒரே ஒரு தீர்மானம். கூடம் நிறைந்துவிட்டது. முன் வரிசையில் அவள், ஒரு பக்கம் வீட்டுக்காரர், இன்னொரு பக்கம் கண்ணாடிக்கடை அம்மா. பேச வாய்ப்புக் கொடுத்தார்கள். அவள் எழுந்தாள். ஒலிபெருக்கி வேண்டாம் என்றாள்.

“பிள்ளை சொன்னதை நான் நம்பினேன்” என்றாள். “அடுத்த பிள்ளை சொன்னாலும் நம்புவேன். நீங்க என்ன பண்ணணுமோ பண்ணிக்குங்க.”

உட்கார்ந்துவிட்டாள். செயலாளர் எண்ணத் தயாராக நிற்கிறார். நீக்க வேண்டும் என்பவர்கள் பாதிப் பேர், கூடாது என்பவர்கள் பாதிப் பேர் என்று நானாக நிரப்பியிருக்கிறேன். அப்படி நிரப்ப எனக்கு உரிமை உண்டு. பின் வரிசையில், சுவர் ஓரமாக, ஒரு நாற்காலியை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். வராதவர்கள் சம்மதித்ததாகக் கணக்கு வைக்கிற ஊர் இது, அதனால் தயவுசெய்து உள்ளே வந்து உட்காருங்கள். யார் வந்தது என்று பஸ் அக்கா திரும்பிப் பார்க்க மாட்டாள்.

செயலாளர் கேட்கிறார்: “நீக்கணும்னு சொல்றவங்க எல்லாம்”